இருபத்தொரு வருடப் பதிவும் வராத கடிதமும்

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 36. பி.காம். படித்திருக்கிறேன். 2005-ல் பத்தாம் வகுப்பு முடித்ததும் அப்பா என்னைக் கூட்டிப்போய் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து வைத்தார். அதற்குப் பிறகு பிளஸ் டூ, டிகிரி இரண்டையும் சேர்த்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தேன். 2017-ல் பிரசவ நேரத்தில் புதுப்பிக்க மறந்ததால் 12 வருட சீனியாரிட்டி போய்விட்டது. மறுபடி புதிதாகப் பதிந்தேன். இந்த 21 வருடத்தில் ஒரு இன்டர்வியூ கடிதம்கூட வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி புதுப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் 150 ரூபாய் கேட்கிறார்கள். இந்த ஆபீஸை யாராவது மேற்பார்வை செய்கிறார்களா? எதற்காக இது இன்னும் இருக்கிறது? நான் புதுப்பிக்கவா, விட்டுவிடவா? கணவர் நூற்பு ஆலையில் வேலை பார்க்கிறார், மாதம் 16,000 வாங்குகிறார். பிளஸ் டூ முடித்த என் தம்பிக்குக் காது கேளாது. அவனும் பதிந்து நான்கு வருடம் ஆகிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முப்பத்தோரு வருடம் வேலைவாய்ப்பு அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் முதலில் உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். கடிதம் வராததற்கு அல்ல, அது எந்த ஒரு அலுவலர் கையிலும் இல்லை. இந்த 21 வருடத்தில் நீங்கள் எத்தனையோ தடவை அந்தப் படியேறியிருப்பீர்கள். "அம்மா, உங்கள் படிப்புக்கு வேலை இந்த வழியாக வராது, அந்த வழியாகத்தான் வரும்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே, அதற்காகத்தான் வருந்துகிறேன். அதைச் சொல்வது எங்கள் வேலை. நாங்கள் செய்யவில்லை.

உங்கள் அப்பா தப்பு செய்யவில்லை. அவர் காலத்தில் அதுதான் சரியான வழி. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-ல் தொடங்கிய அமைப்பு இது. பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. அதன்பின் பல வருடம் அரசு அலுவலகத்தில் இடம் காலியானால் இங்கேதான் கேட்டு எழுதுவார்கள். நாங்கள் பதிவு மூப்புப்படி பட்டியல் அனுப்புவோம். ஆசிரியர்களைக்கூட மூப்பின்படி எடுத்த காலம் உண்டு. ஊரில் யாருக்காவது அந்தக் கடிதம் வந்தால் தெருவே கூடிவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவர்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

அப்புறம் ஒவ்வொரு கதவாக வேறு பக்கம் திரும்பியது. ஆசிரியர் தேர்வு வாரியம் 1987-லும், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 1991-லும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-லும் வந்தன. அதே 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வும் தொடங்கியது. இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் எல்லாம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் எடுக்கப்படுகிறார்கள். பி.காம். படித்தவர் எதிர்பார்க்கக்கூடிய அரசு வேலைகளில் பெரும்பாலானவை இந்த வழியாகவே போய்விட்டன.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இதில் சேர்ந்தன. வேலைவாய்ப்பகம் மூலமாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்னது. 1996-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, எங்களிடம் பட்டியல் வாங்கினால் மட்டும் போதாது, நாளிதழிலும் விளம்பரம் செய்து வருகிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். பதியாத ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு வாய்ப்பை மறுப்பது சரியில்லை. ஆனால் அன்றோடு பதிவு மூப்புக்கு இருந்த பழைய மதிப்பு இறங்கிவிட்டது. இறங்கியதை மக்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால் மதிப்பெண் பட்டியல் வாங்கும் நாளிலேயே பள்ளிக்கூடத்தில் பதிந்துகொள்கிற பிள்ளைகள் இன்றைக்கும் உங்கள் அப்பா நினைத்ததையே நினைக்கிறார்கள்.

தனியார் பக்கம் என்ன ஆயிற்று? அதற்கு 1959-ல் ஒரு சட்டம் வந்து 1960 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும், எல்லா அரசுத் துறை நிறுவனமும் காலியிடத்தை எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றது அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இ.ஆர்.1 என்ற படிவத்தில் ஆள் கணக்கும் காலியிடக் கணக்கும் தர வேண்டும். காலியிடத்தை அறிவிக்காவிட்டால் முதல் தடவை அபராதம் 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,000 ரூபாய் வரை. 1959-ல் அது பெரிய தொகை. நான் ஓய்வு பெறும் வரை அது மாறவே இல்லை.

நான் வேலை பார்த்த மாவட்டம் ஒன்றில் ஒரு ஆலை எட்டு காலாண்டு தொடர்ச்சியாக ஒரே எண்ணிக்கையை அனுப்பியது. ஒரு ஆள் கூடவில்லை, ஒரு ஆள் குறையவில்லை, காலியிடம் 'இல்லை'. அந்த ஆலை வாசலில் 'பெண் தொழிலாளர்கள் தேவை' என்று பலகை தொங்கியதை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆய்வுக்குப் போக எனக்கு அதிகாரம் இருந்தது. வண்டி இல்லை, உடன் வர ஆள் இல்லை. வழக்குப் போட மேலிட அனுமதி வேண்டும். 500 ரூபாய் அபராதத்துக்கு யார் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? நானும் அலையவில்லை. அலைந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பழைய சட்டத்தை 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 25 பேர் என்ற வரம்பு 20 பேர் என்று இறங்கியிருக்கிறது. அலுவலகத்தின் பெயரும் தொழில்நெறி மையம் என்று மாறுகிறது. ஆனால் காலியிடத்தை அறிவித்தால் போதும், எங்கள் மூலமாகவே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மேற்பார்வை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. மாவட்ட அலுவலகத்துக்கு மேல் மண்டல இணை இயக்குநர், அவருக்கு மேல் கிண்டியில் ஆணையரகம், அதற்கு மேல் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலர். ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்குப் பணம் ஒதுக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும்போது, அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. கணக்கைத் தணிக்கை செய்ய இந்தியக் கணக்காய்வுத் தலைவர் இருக்கிறார், அந்த அறிக்கையை ஆராயச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. மேற்பார்வை செய்ய ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இவர்கள் எல்லோரும் எதை எண்ணச் சொல்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

மாதக் கடைசியில் நாங்கள் அனுப்பிய அறிக்கையில் முதலில் வருவது பதிவு எண்ணிக்கை. புதிதாகப் பதிந்தவர் எத்தனை, புதுப்பித்தவர் எத்தனை, நடப்புப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை. 2022-ல் மாநிலம் முழுக்க அந்த மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் இருந்தது. செய்தித்தாள்கள் உடனே '70 லட்சம் பேர் வேலையில்லாமல் தவிப்பு' என்று எழுதிவிடும். அந்த 70 லட்சத்தில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருப்பான், கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருப்பவர் இருப்பார், உங்களைப் போல் வீட்டில் காத்திருப்பவரும் இருப்பார். வேலை கிடைத்தவர் யாரும் வந்து பதிவை நீக்குவதில்லை. ஆக அந்த எண் வேலையில்லாதவர் கணக்கும் அல்ல, எங்கள் சேவையின் கணக்கும் அல்ல. ஆனால் வருடக்கணக்கில் எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது அதைப் பற்றித்தான்.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஜெர்மனிதான் நினைவுக்கு வரும். அங்கே அரசு வேலைவாய்ப்புத் துறை மிகப் பெரியது. 2002-ன் தொடக்கத்தில் அந்நாட்டுத் தணிக்கைத் துறை ஐந்து அலுவலகங்களை எடுத்துப் பார்த்தது. 'இவர்களுக்கு நாங்கள் வேலை வாங்கித் தந்தோம்' என்று எழுதியிருந்த பதிவுகளில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தவறு என்று தெரிந்தது. தானாக வேலை தேடிக்கொண்டவரைக்கூடத் தங்கள் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் துறைத் தலைவர் பதவி விலகினார். வோல்க்ஸ்வாகன் கார் நிறுவன நிர்வாகி பீட்டர் ஹார்ட்ஸ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2004-ல் துறையின் பெயர் உட்பட அமைப்பே மாறியது. அந்தக் குழுவின் சில பரிந்துரைகள் அங்குள்ள ஏழைகளைக் கடுமையாகப் பாதித்தன, அதையெல்லாம் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு தணிக்கை, 'இந்த ஆளுக்கு நிஜமாகவே உங்களால்தான் வேலை கிடைத்ததா' என்று ஒவ்வொரு காகிதமாகக் கேட்டது பாருங்கள், அதுதான் மேற்பார்வை.

நம் ஊரில் அந்தக் கேள்வியை வேலைவாய்ப்பு முகாம்களில் இருந்து தொடங்கலாம். மாவட்ட அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய முகாம், அவ்வப்போது சனிக்கிழமை கல்லூரி மைதானத்தில் பெரிய முகாம். அன்று மாலையே இத்தனை பேருக்குப் பணி ஆணை என்று செய்தி வந்துவிடும். அதில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்ற செய்தியை நான் பார்த்ததில்லை. நான் பணியில் இருந்தபோது ஒரு முகாமில் ஆணை வாங்கிய 40 பேரைச் சொந்த முயற்சியில் மூன்று மாதம் கழித்து போனில் கூப்பிட்டேன். 11 பேர்தான் அந்த வேலையில் இருந்தார்கள். மற்றவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சொன்ன சம்பளம் ஒன்று, கையில் வந்தது வேறு. விடுதி வாடகையும் சாப்பாட்டுக் காசும் பிடித்தது போக மிச்சம் இல்லை. ஒரு சிறு அலுவலகத்தில் ஒரு ஆள் இரண்டு நாள் போன் செய்து தெரிந்துகொண்ட விஷயம் இது. இதையே எல்லா மாவட்டத்திலும் கட்டாயமாக்கி, எந்த நிறுவனம் சொன்னபடி சம்பளம் தரவில்லையோ அதை அடுத்த முகாமுக்கு அழைக்காமல் விட்டால் போதும். புதிதாகப் பெரிய பணம் எதுவும் தேவைப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்புச் சேவை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 88-வது உடன்படிக்கையை இந்தியா 1959-லேயே ஏற்றுக்கொண்டது. சேவை இலவசமாக இருக்க வேண்டும், முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் ஆலோசனைக் குழுக்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. என்னைக் கேட்டால், அந்தக் குழு மாவட்ட அளவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், அதில் பதிந்து காத்திருப்பவர் இரண்டு பேராவது உட்கார வேண்டும். உங்களைப் போன்ற ஒருவர் அந்தக் கூட்டத்தில் "21 வருடம் ஆச்சு சார்" என்று சொன்னால், பதிவு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாரும் பெருமை பேச முடியாது.

நீங்கள் தனியாளாக என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 'எனக்கு ஏன் வேலை தரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. போன வருடம் எத்தனை காலியிடம் அறிவிக்கப்பட்டது, அரசில் எத்தனை, தனியாரில் எத்தனை, அவற்றுக்கு எத்தனை பேரைப் பரிந்துரைத்தார்கள், எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் கல்வித் தகுதியில் கடைசியாகப் பரிந்துரைக்கப்பட்டவரின் பதிவு எந்த வருடத்தது என்றும் கேளுங்கள். உங்களுக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் உங்கள் இடம் எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். முகாம்களில் ஆணை பெற்றவர், சேர்ந்தவர், ஆறு மாதம் நீடித்தவர் கணக்கையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் அதைக் கொடுத்து, மானியக் கோரிக்கை விவாதத்தில் 'ஏன் பராமரிக்கவில்லை' என்று கேட்கச் சொல்லலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவைவிட இது கனமானது.

இனி உங்கள் சொந்த விஷயம். புதுப்பியுங்கள். ஆனால் 150 ரூபாய் கொடுக்காதீர்கள். துறையின் 'வேலைவாய்ப்பு' இணையதளத்தில் நீங்களே செல்போனில் செய்யலாம், அரசுக் கட்டணம் ஏதும் கிடையாது. புதுப்பித்த பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். 2017-ல் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை கொடுப்பதுண்டு. உங்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. லட்சக்கணக்கான பேருடைய செல்போன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பாமல் இருந்தால் அது எங்கள் குறைதான்.

ஆனால் அந்த மூப்பை நம்பி இனி ஒரு வருடமும் காத்திருக்காதீர்கள். ஓட்டுநர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் போன்ற சில பணிகளுக்குத்தான் இன்றும் பட்டியல் கேட்கிறார்கள், அதுவும் விளம்பரத்தோடு சேர்த்து. உங்களுக்கு உகந்தது குரூப் 4. அதற்கு எங்கள் பதிவு தேவையில்லை. 36 வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு, நீங்கள் பட்டதாரி. இடஒதுக்கீட்டுப் பிரிவில் வருபவர் அதிகப் படிப்பு படித்திருந்தால் பெரும்பாலான பதவிகளுக்கு வயதில் பெரிய தளர்வு உண்டு. அறிவிக்கையில் வயது பற்றிய பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மாவட்ட அலுவலகத்திலேயே தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசப் பயிற்சி நடக்கிறது. எங்கள் துறையில் நான் மனதார நம்புகிற ஒரு விஷயம் அதுதான். குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் விருதுநகருக்கு வர முடியாது என்றால் மாதிரித் தேர்வு நடக்கும் நாட்களிலாவது வாருங்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தனியாக விளம்பரம் செய்யும், பி.காம். அதில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை உங்களுக்குக் கிடைக்காது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் கணவரின் சம்பளம் அதைத் தாண்டுகிறது. அந்த 72,000 என்ற வரம்பு இன்றைய விலைவாசிக்குப் பொருந்தவே இல்லை என்பது என் கருத்து, அது வேறு விஷயம்.

ஆனால் உங்கள் தம்பி? அவர் விஷயத்தைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஒரு வருடம் ஆனாலே போதும், வருமான வரம்பு கிடையாது. பிளஸ் டூ முடித்தவர் என்றால் மாதம் 750 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், பத்து வருடம் வரை. அவர் பதிந்து நான்கு வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று வருடத் தொகை கை நழுவிப் போயிருக்கும். இதையும் யாரும் சொல்லவில்லை, பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், வேலைவாய்ப்பு அட்டை எல்லாவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு அவரையே நேரில் கூட்டிப்போங்கள். விண்ணப்பம் அங்கேயே இலவசமாகத் தருவார்கள். அவர் மாற்றுத்திறனாளி என்பது பதிவில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் அரசுப் பணியில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டுக்கான பட்டியலிலும் அவர் பெயர் வராது. உங்கள் புதுப்பித்தலுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தம்பியை இந்த வாரமே கூட்டிப்போங்கள்.